எங்கே ஏறி எங்கே இறங்குகிறீர்கள்?

அந்தக் கேள்வியைக் கேட்டவள்மேல் பிழை சொல்ல முடியாது. அது அவளுடைய வேலை. நவம்பர் மாதக் குளிரில், விடியுமுன்பே எழும்பி வந்து, மற்றவர்கள் ரயிலுக்குக் காத்திருக்கிற மேடையில் தான் எந்த ரயிலுக்கும் போகாமல் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் அதையே கேட்கவேண்டும். கூட ஒரு இளைஞனும் நின்றான். இருவருக்கும் கருநீல ஜக்கெற். நெஞ்சில் ஒரு பெயர் வில்லை. கையில் அட்டை, அட்டையில் காகிதம், காகிதத்தின் மேல் பேனை.

சந்திரவதனா படியேறி மேடைக்கு வந்து இவர்களைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், ஏரிக்குக் கிட்ட, எல்ம்ஃபோர்ட் என்று ஒரு சின்ன ஸ்டேசன். ஒரே ஒரு மேடைதான். நகரத்துக்குள் யூனியன் ஸ்டேசனுக்குப் போகிற வண்டியும் அங்கேதான் நிற்கும், எதிர்ப்பக்கம் ஒஷாவாவுக்குப் போகிற வண்டியும் அங்கேதான் நிற்கும். கழுத்துப்பட்டி கட்டிய உத்தியோகக்காரர்கள் நன்றாக விடிந்தபிறகு வந்து யூனியனுக்குப் போவார்கள். அதற்கு முன்னால், இருட்டுக் கலையாத நேரத்தில், ஒஷாவாப் பக்கம் போகிற முதல் வண்டிக்கு நிற்பது பெரும்பாலும் நம்முடைய ஆட்கள். கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலை, கோழி வெட்டிப் பொதி கட்டுகிற இடம், முதியோர் இல்லத்துக் குசினி, ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற லோண்ட்ரி என்று அந்தப் பக்கம் அவர்களுக்கு வேலை இருந்தது. சந்திரவதனாவுக்கு லோண்ட்ரி.

"உது ஆரண்ணை?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அமிர்தநாதர் குல்லாத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். யாழ்ப்பாணத்து மண்டைதீவுக்காரர். முதியோர் இல்லம் ஒன்றில் சமையல். "ஆரெண்டு தெரியாது தங்கச்சி. எழுதுறாங்கள். எழுதுறவனைக் கண்டால் எனக்குச் சரிவராது."

அதற்குள் அந்தப் பெண் அவரிடமே வந்துவிட்டாள். நல்ல சிரித்த முகம். காலை வணக்கம் சொல்லி, எங்கே ஏறி எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டாள்.

"யூனியன்" என்றார் அமிர்தநாதர்.

அவருக்குப் பின்னால் நின்றவரும் யூனியன் என்றார். அதற்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களும் யூனியன். தொழிற்சாலையில் ஒரு வரிசைப் பெண்களை நாள் முழுக்க ஆங்கிலத்தில் அதட்டி வேலை வாங்குகிற பேர்ணடெற், இரண்டு கைகளையும் விரித்து, "நோ இங்கிலிஷ்" என்றாள். அன்புராசா ஒன்றும் சொல்லவில்லை. அவனை ஆளையே காணவில்லை. கோழிப் பொதி கட்டுகிற இடத்தில் வேலை செய்கிற அவனுடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. படியால் இறங்கிக் கார் நிற்பாட்டுகிற இடத்துக்குப் போய், எவனோ ஒருவனுடைய வானுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

சந்திரவதனாவின் முறை வந்தது. "பிக்கரிங். தங்கச்சி வீட்டுக்கு" என்றாள். ஒஷாவாவுக்குப் போகிற வழியில் உள்ள பிக்கரிங்கில் அவளுக்குத் தங்கச்சி என்ன, தெரிந்த ஒரு பூனைகூட இல்லை.

வேலை களவு வேலை அல்ல. காகிதமெல்லாம் ஒழுங்கு. முந்தின வருசம்தான் கையை உயர்த்திச் சத்தியம் செய்து இந்த நாட்டுப் பிரசையும் ஆகியிருந்தாள். ஆனால் எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், ஆரிடம் போகிறாய் என்று கையில் காகிதத்தோடு ஒருவர் கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்பதை அவள் ஊரில், தாண்டிக்குளத்து ஆமிச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று பழகியிருந்தாள். சின்னப் பதிலாகச் சொல்லவேண்டும். அடுத்த கேள்விக்கு இடம் வைக்கக்கூடாது. மூளை யோசிக்குமுன் வாய் அந்தப் பழக்கத்தின்படி நடந்துவிட்டது.

வண்டி வந்தது. யூனியன் என்றவர்கள், ஆங்கிலம் தெரியாதவர்கள், தங்கச்சி வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒஷாவா வண்டியில் ஏறினார்கள். கடைசிக் கதவால் அன்புராசாவும் ஓடிவந்து தொற்றிக்கொண்டான். ஒரு கிழமைக்குள் எல்லோருக்கும் அது மறந்துபோயிற்று.

ஜனவரியில் ரயில்களின் நிர்வாகம் கைமாறியது. அதுவரை மாகாண அரசு பார்த்துவந்த உள்ளூர் ரயில்களை, இனி நீங்களே நடத்துங்கள், செலவையும் நீங்களே பகிர்ந்துகொள்ளுங்கள் என்று ரொறன்ரோ நகரத்தின் தலையிலும் சுற்றியிருந்த பிராந்தியங்களின் தலையிலும் இறக்கிவைத்தார்கள். இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சபை. பங்குக் கிணறு வைத்திருந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தண்ணீர் எல்லாருக்கும் வேண்டும். தன் முறை எப்போது என்பதும் எல்லாருக்கும் பாடம். கிணறு இறைத்துச் சேறு எடுக்கிற நாளில்தான் ஆளுக்கொரு அலுவல் வந்துவிடும். புதிய சபைக்கு முதல் வேலை, எந்த வண்டி எங்கே வீணாக நிற்கிறது என்று பார்ப்பது.

பெப்ரவரியில் ஒருநாள் மேடைக் கண்ணாடியில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஏப்ரல் முதல் ஒஷாவாவுக்குப் போகும் முதல் வண்டி எல்ம்ஃபோர்ட்டில் நிற்காமல் போகும். காரணம், கணக்கெடுப்பின்படி அங்கே அந்த வண்டிக்கு ஏறுகிற ஆட்கள் அநேகமாக இல்லை.

சந்திரவதனா அதை இரண்டுதரம் வாசித்தாள். அவளுடைய புருசன் விநாயகமூர்த்திக்கு வோபர்னில் ஒரு பேக்கரியில் இரவு வேலை. அவன் வீட்டுக்குள் வர, இவள் வெளிக்கிட்டு அந்த வண்டியைப் பிடிப்பாள். ஆறு வயது மகள் சிவானியை எழுப்பிச் சாப்பாடு கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு விட்டபிறகுதான் அவன் படுப்பான். அடுத்த வண்டியில் போனால் லோண்ட்ரியில் வேலை தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். அங்கே பிந்தி வருகிறவர்களுக்கு மூன்றாம் முறை மன்னிப்பு இல்லை. பஸ்ஸில் போவதென்றால் புருசன் வருமுன்பே பிள்ளையைத் தனிய விட்டுவிட்டு இறங்கவேண்டும். வேலை அல்லது பிள்ளை. நடுவில் வேறு வழி ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

அன்று வண்டிக்குள் ஒரே சத்தம்.

"ஆட்கள் இல்லையாம்! அப்ப நாங்கள் என்ன, பேயளே?" என்றாள் பேர்ணடெற்.

"கணக்கெடுப்பு எண்டு எழுதிக் கிடக்கு. எப்ப எடுத்தவங்கள்?" என்றான் அன்புராசா.

சந்திரவதனா சொன்னாள். "நவம்பரிலை. நீலச் சட்டையோடை ஒரு பொம்பிளை வந்து நிண்டது."

"ஐயோ" என்றார் அமிர்தநாதர். "அது அதுக்கோ கேட்டவள்?"

"பின்னை என்னத்துக்கு? நீங்கள் என்னண்ணை சொன்னனீங்கள்?"

"யூனியன் எண்டனான்."

"ஏனண்ணை யூனியன்?"

"யூனியனுக்குப் போறவனை ஆர் பிள்ளை என்ன கேக்கப்போறான்? ஊருலகமே அங்கைதான் போகுது." பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். "நீங்கள் எல்லாரும் என்ன சொன்னனீங்கள்?"

சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, அந்த வண்டியில் எல்ம்ஃபோர்ட்டில் ஏறி ஒஷாவாப் பக்கம் போகிற ஒரேயொரு ஆள் சந்திரவதனாதான் என்று வந்தது. அதுவும் இல்லாத தங்கச்சியைப் பார்க்க. முதலில் ஆரோ ஒருத்தி சிரிக்க, பிறகு எல்லோரும் கண்ணீர் வர வர சிரித்தார்கள். சிரித்து முடிந்தபிறகு சந்திரவதனா அறிவித்தலில் வாசித்த இன்னொன்றைச் சொன்னாள்.

அறிவித்தலின் அடியில் ஒரு வரி இருந்தது. மார்ச்சில் சபை கூடும்போது பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம். பெயரையும் விலாசத்தையும் முன்கூட்டிப் பதியவேண்டும்.

"பேரும் விலாசமும் குடுத்தோ?" அன்புராசா தலையை ஆட்டினான். "என்னாலை ஏலாதக்கா. குறை நினையாதேங்கோ."

"உம்மை ஆர் கேட்டது?" என்றாள் பேர்ணடெற். "வானுக்குப் பின்னாலை நிண்டு கை தட்டும்."

"அவரை விடு பிள்ளை" என்றாள் சந்திரவதனா. "நான் குடுக்கிறன்."

வீட்டில் சொன்னதும் விநாயகமூர்த்தி சப்பாத்துக் கழற்றாமலே நின்றான். மாவு படிந்த கண்ணிமைகளைத் தேய்த்துவிட்டு, "இஞ்சேரும், உமக்கென்ன விசரே?" என்றான். "நாங்கள் பொய் சொன்னனாங்கள் எண்டு அவங்களின்ரை முகத்திலை சொல்லப்போறீரோ? கவண்மேந்துக்குப் பொய் சொன்னதெண்டு பிடிச்சால்?"

"பிடிச்சால் பிடிக்கட்டும்."

"ஆரும் வேறை ஆள் கதைக்கட்டுமே."

"ஆர்? ஆளைக் காட்டுங்கோ, நான் வீட்டிலை நிக்கிறன்."

அவன் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போம்" என்றான். "நீர் வேலைக்குப் போடுறதிலை கை கிழிஞ்சு கிடக்கு."

மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல். அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு மூன்று பேர் போனார்கள். அமிர்தநாதரும் பேர்ணடெற்றும் துணைக்கு என்றுதான் வந்தார்கள். கதைக்கமாட்டோம் என்று இருவரும் வழியிலேயே இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். மண்டப வாசலில் சீருடைக்காரன் ஒருவன் நின்றான். அவன் கதவைத் திறந்துவிட்டபோது அமிர்தநாதர் சோதனைக்கென்று கைகளைத் தூக்கப்போய், இது ஊர் அல்ல என்று ஞாபகம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டார்.

உள்ளே லாடம்போல வளைந்த ஒரு பெரிய மேசை. அதைச் சுற்றி நகரத்துக்கும் பிராந்தியங்களுக்கும் ஆட்கள். எல்ம்ஃபோர்ட் விசயம் வந்தபோது நகரத்தின் சார்பில் மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் கதைத்தார். அந்த ஸ்டேசனில் விளக்கு எரிவதும் பனி தள்ளுவதும் எங்கள் பணத்தில். அந்த வண்டியில் போகிற யாராவது இருந்தாலும், அவர்கள் போய் உழைப்பது கிழக்கே உள்ள தொழிற்சாலைகளுக்கு. அப்படியானால் கிழக்குப் பிராந்தியம் அல்லவா அதற்குக் கொடுக்கவேண்டும்?

கிழக்குப் பிராந்தியத்தின் சார்பில் இருந்தவர் நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண். குடியிருப்பது உங்களிடம், வாடகையும் வீட்டு வரியும் உங்களிடம், உங்கள் ஆட்களை வேலைக்கு அனுப்ப நாங்கள் ஏன் கொடுக்கவேண்டும் என்றார்.

"அப்படியானால் இருவருக்கும் வேண்டாத வண்டி" என்றார் மூக்குக்கண்ணாடி.

"ரெண்டு பகுதியும் சம்பந்தம் பேசினம்" என்று அமிர்தநாதர் குனிந்து முணுமுணுத்தார். "பொம்பிளையை ஒருத்தரும் கேக்கேல்லை."

அப்போதுதான் தலைவர் ஒரு பெயரைக் கூப்பிட்டார். சந்திரவதனா என்ற பெயரை மூன்று இடத்தில் முறித்து அவர் வாசித்ததில், அது தன் பெயர்தான் என்று அவளுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. பேர்ணடெற் முழங்கையால் இடித்தாள்.

லோண்ட்ரியில் கடகடவென்று உருளுகிற இயந்திரங்களுக்கு மேலால் கத்திக் கதைத்துப் பழகிய ஆங்கிலம் அவளுடையது. ஒலிவாங்கியில் அது தேவைக்கு மேலே கேட்டது. அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். பாடமாக்கி வந்த முதல் வசனம் பனியைப் பற்றியது. அது வரவில்லை.

"உங்கள் கணக்குப் பிழை" என்றாள். "பிழை உங்களுடையது இல்லை. எங்களுடையது. உங்கள் ஆள் கேட்டபோது நாங்கள் பொய் சொன்னோம்."

மேசையைச் சுற்றி எல்லோரும் நிமிர்ந்தார்கள். இவ்வளவு நேரமும் ஏதோ எழுதிக்கொண்டிருந்த தலைவர் பேனையை வைத்தார். "ஏன்?" என்று கேட்டார். அதட்டலாக அல்ல. உண்மையில் அறிய விரும்புகிறவர்போல.

புருசன் சொன்னது காதில் கேட்டது. ஆனால் இவ்வளவு தூரம் வந்தபிறகு பாதியில் நிற்க இடமில்லை.

"எங்கள் நாட்டில் அந்தக் கேள்வி கேட்பது ஆமிக்காரன். அவன் கையிலும் காகிதம் இருக்கும். எங்கே போகிறாய் என்று அவன் கேட்பது எங்களுக்கு வண்டி விடுவதற்காக இல்லை. உங்கள் பெண் நல்ல பெண். அவள் சிரித்துத்தான் கேட்டாள். எங்களுக்கு அது தெரிய முதல் வாய் சொல்லிவிட்டது. நான் தங்கச்சியைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். எனக்குத் தங்கச்சி இல்லை. நான் ஒஷாவாவில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புத் தோய்க்கிறேன். அந்த வண்டி நிற்காவிட்டால் எனக்கு அந்த வேலை இல்லை."

"எத்தனை பேர் இப்படி?" என்று கிழக்குப் பிராந்தியப் பெண் கேட்டார்.

"முப்பது பேர் இருக்கும். கூடவும் இருக்கும்."

"இங்கே எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பேர்ணடெற் எழுந்து நின்றாள். அமிர்தநாதரும், கதிரையின் முதுகைப் பிடித்தபடி, எழுந்து நின்றார்.

"மூன்று பேர்" என்றார் மூக்குக்கண்ணாடிக்காரர். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லித்தானே ஆகவேண்டும்.

"மற்றவர்கள் வேலையில்" என்றாள் சந்திரவதனா. "வண்டி இருக்கிறபடியால் வேலையில்."

அதற்குமேல் அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. மூன்று பேருக்காக ஒரு ரயிலை நிறுத்தச் சொல்லி ஆரைக் கேட்பது? அவள் திரும்பப்போனாள். அப்போது சுவரோரம் அலுவலர்கள் இருந்த வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நீல ஜக்கெற் இல்லாததால் முதலில் ஆளைத் தெரியவில்லை. அதே சிரித்த முகம், இப்போது சிரிக்காமல்.

"அன்று அங்கே நின்றது நான்தான்" என்றாள் அந்தப் பெண். பெயர் டயான் என்று தலைவர் சொன்னார். "அவர் சொல்வது சரி. யூனியன் என்று சொன்னவர்கள் எல்லோரும் ஒஷாவா வண்டியில் ஏறினார்கள். மேடை காலியாகிவிட்டது. நித்திரைக் கலக்கத்தில் மாறி ஏறுகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவரைக் கூப்பிட்டு, ஐயா, இது வேறு வண்டி என்றுகூடச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி எனக்கு நன்றி சொல்லிவிட்டு, அதே வண்டியில் ஏறிப் போனார்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அமிர்தநாதர் கூரையில் ஏதோ பிசகு இருப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் இதை எழுதவில்லை?" என்றார் தலைவர்.

"போகிற திசைக்குப் பொருந்தாத பதில்களைக் கழித்துவிடுவது எங்கள் வழக்கம். கழித்துவிட்டோம். வண்டியில் ஏறிய கால்களை எண்ணியிருக்கவேண்டும். எண்ணவில்லை."

மேசையில் கொஞ்ச நேரம் குசுகுசுப்பு. கிழக்குப் பிராந்தியப் பெண்தான் முதலில் வாய் திறந்தார். எங்கள் ஆஸ்பத்திரி விரிப்பை உங்கள் ஆட்கள் தோய்க்கிறார்கள் என்றால் நாங்கள் ஒன்றுமே கொடுக்கமாட்டோம் என்று சொல்வது அழகில்லை. ஆளுக்குப் பாதி. இலையுதிர் காலம்வரை வண்டி நிற்கட்டும். அதற்குள் மறுபடியும் எண்ணுவோம். மூக்குக்கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டார். பனி தள்ளுவதிலும் பாதியா என்று கேட்டார். அதிலும் பாதி என்றார் அவர். கைகள் உயர்ந்தன. எல்லாமல்ல, போதுமான அளவு.

சந்திரவதனாவுக்கு என்ன முடிவானது என்று விளங்கவில்லை. "என்னவாம்?" என்றாள்.

"வெண்டிட்டமக்கா!" என்றாள் பேர்ணடெற். "செப்ரெம்பர் வரைக்கும் பயமில்லை."

"பிறகு?"

"பிறகு பிறகு பாப்பம். முதல் வெளியிலை வாங்கோ, எனக்குக் கால் நடுங்குது. கதைச்சது நீங்கள், நடுங்கிறது நான்."

வெளியே, மண்டபத்து நடையில், டயான் அவர்களைத் துரத்திக்கொண்டு வந்தாள். அமிர்தநாதர் அவசரமாகத் தொப்பியைப் பைக்குள் ஒளித்தார். ஆனால் அவள் சந்திரவதனாவிடம்தான் வந்தாள். மே மாதம் மறுபடியும் வரப்போகிறேன், கால்களை எண்ணினால் மட்டும் சபைக்குப் போதாது, எங்கே இறங்குகிறார்கள் என்றும் தெரியவேண்டும், நான் எப்படிக் கேட்கவேண்டும் என்றாள்.

இந்த நாட்டில் ஒரு அலுவலர் தன்னிடம் அப்படிக் கேட்டது சந்திரவதனாவுக்கு முதல்தடவை. அவள் யோசித்தாள்.

"அந்த நீலச் சட்டையைப் போடாதே" என்றாள். "வில்லையைக் கழுத்தில் தொங்கவிடு, நெஞ்சில் குத்தாதே. காகிதத்தை முதலில் எடுக்காதே. எங்கே போகிறாய் என்று கேட்காதே."

"பிறகு என்ன கேட்பது?"

"வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று கேள். இந்த வண்டி பிந்தினால் உன் சுப்பர்வைசர் என்ன சொல்வான் என்று கேள். பிறகு நீ ஒன்றும் கேட்கத் தேவையில்லை. எங்கே, எந்தத் தெரு, அவன் எப்படிப்பட்டவன் எல்லாம் அவர்களே சொல்லுவார்கள். உனக்கு எழுதிக் கை நோகும்."

டயான் அப்போதே அதை எழுதிக்கொண்டாள். அமிர்தநாதர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தைச் சுளிக்கவில்லை.

அன்று பின்னேரம் விநாயகமூர்த்தி வேலைக்கு வெளிக்கிடுகிற நேரத்தில் தொலைபேசி அடித்தது. அன்புராசா.

"அக்கா, நடந்ததெல்லாம் பேர்ணடெற் சொன்னவ." கொஞ்சம் தயங்கினான். "என்ரை பேர் ஏதும் அங்கை அடிபட்டதே?"

"இல்லை. ஒருத்தற்றை பேரும் சொல்லேல்லை. நீர் பயப்பிடாதையும்."

"சரியக்கா."

அவன் வைத்துவிடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். வைக்கவில்லை. பின்னால் ஒரு தொலைக்காட்சி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மூண்டு பேர்தான் எழும்பி நிண்டனீங்களாம்."

"ஓம்."

"நான் இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையக்கா. வீட்டிலைதான் இருந்தனான். வந்திருக்கலாம்."

கண்ணுக்கு முன்னால் விநாயகமூர்த்தி சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு, யார் என்று சைகையால் கேட்டான். சிவானி தகப்பனுடைய ஜக்கெற்றின் ஒரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மே மாதம் அந்தப் பிள்ளை வரும்" என்றாள். "பேர் கேக்காது. எத்தினை மணிக்கு வேலை எண்டுதான் கேக்கும். கோழிக் கொம்பனிக்காறனைப் பற்றி உமக்குச் சொல்ல இருக்குத்தானே?"

"ஐயோ அக்கா, அவனைப் பற்றியோ?" என்றான் அன்புராசா. பிறகு அவனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.